“39 சதவீதம் குறைந்தது” என்றால் எத்தனை பேருக்கு? மருத்துவ ஆய்வுச் செய்திகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவ ஆய்வு பற்றிய செய்தி வராத நாளே இல்லை. காபி இதயத்துக்கு நல்லது என்று இன்று வரும், கெடுதல் என்று அடுத்த வாரம் வரும். படித்துப் படித்துச் சலித்துப்போனவர்கள், “இவங்க மாத்தி மாத்தித்தான் சொல்வாங்க” என்று எல்லா ஆய்வையும் சேர்த்தே ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம். நல்ல ஆய்வுகள் உயிரைக் காப்பாற்றுகின்றன. அவற்றை அரைகுறையாக எழுதிப் போடுவதால் அவற்றின் மேலும் நம்பிக்கை போய்விடுகிறது. மருத்துவச் செய்திகளைத் தமிழில் எழுதுவதால் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். வாசகர்களுக்கும் உதவும், இத்துறையில் புதிதாக எழுத வருபவர்களுக்கும் உதவும்.

ஆய்வுச் செய்தியைப் பார்த்ததும் முதலில் எதைத் தேட வேண்டும்?

எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்ற கணக்கை. அது இல்லாவிட்டால் அந்தச் செய்தியை நான் பாதிச் செய்தியாகத்தான் எடுத்துக்கொள்வேன். அடுத்து, யாரோடு யாரை ஒப்பிட்டார்கள், எவ்வளவு காலம் கவனித்தார்கள் என்று பார்ப்பேன். எந்தப் பல்கலைக்கழகம், எந்த நாட்டு விஞ்ஞானி என்பதெல்லாம் அப்புறம்தான்.

“39 சதவீதம் குறைந்தது” என்பதே ஒரு கணக்குதானே? அதில் என்ன குறை?

கணக்குதான், ஆனால் எதில் 39 சதவீதம் என்று அது சொல்லவில்லை. ஓர் உண்மையான ஆய்வை வைத்தே பார்த்துவிடலாம்.

ஜார்க்கண்டில் நான்கு மாவட்டங்களில், 2019 ஆகஸ்டில் ‘ரேஷன்ஸ்’ என்ற பெயரில் ஓர் ஆய்வு தொடங்கியது. சென்னையில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் பங்கேற்றது. கேள்வி எளிமையானது: காசநோயாளியின் வீட்டில் இருப்பவர்களுக்கு நல்ல சாப்பாடு கொடுத்தால், அவர்களுக்கு நோய் வருவது குறையுமா? 28 காசநோய் அலகுகளை, அதாவது காசநோய்த் திட்டத்தின் வட்டாரப் பிரிவுகளை, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். நோயாளிகளுக்கு இரண்டு பக்கமும் உணவுப் பொருட்கள் கிடைத்தன. வீட்டாருக்கு ஒரு பக்கம் மட்டும் பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2023 ஆகஸ்டில் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டார்கள்.

உணவு கிடைக்காத பக்கம் 4,724 பேரில் 122 பேருக்குக் காசநோய் வந்தது. உணவு கிடைத்த பக்கம் 5,621 பேரில் 94 பேருக்கு வந்தது. ஆயிரம் பேருக்கு என்று மாற்றிப் பார்த்தால் ஒரு பக்கம் சுமார் 26, மறுபக்கம் சுமார் 17. பின்தொடர்ந்த காலத்தையும் அலகுகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டையும் கணக்கில் சேர்த்துச் சரிசெய்தபோது கிடைத்ததுதான் அந்த 39 சதவீதம்.

இப்போது இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். “சத்தான உணவால் காசநோய் 39 சதவீதம் குறைந்தது.” “காசநோயாளியின் வீட்டார் ஆயிரம் பேருக்கு உணவு கொடுத்தால், இரண்டு ஆண்டுகளில் சுமார் ஒன்பது பேருக்குக் காசநோய் வராமல் தடுக்கலாம்.” இரண்டும் உண்மை. முதல் வாக்கியத்தைப் படித்தவர், உணவு கிடைத்த நூறு பேரில் 39 பேர் காப்பாற்றப்பட்டார்கள் என்று நினைக்க வாய்ப்பு அதிகம். அப்படி நினைத்தவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். அது அவர்கள் தவறல்ல, எழுதியவர் விட்டுவிட்ட வேலை.

ஒன்பது பேர் என்பதைச் சின்ன எண் என்று நினைக்க வேண்டாம். அரிசியும் பருப்பும் கொடுத்து ஒரு தொற்றுநோயைத் தடுக்க முடிகிறது என்று சீரான ஆய்வில் நிரூபித்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வுகளில் இதுவும் ஒன்று. பிடித்த ஆய்வு என்பதாலேயே, அதன் பலனை உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, அந்த 39 உறுதியான எண்ணா?

இல்லை. அதே கட்டுரையில் அதன் வரம்பும் இருக்கிறது: உண்மையான குறைவு 15 சதவீதம் முதல் 57 சதவீதம் வரை எங்கும் இருக்கலாம். ஆய்வில் நோய் வந்தவர்கள் மொத்தமே 216 பேர் என்பதால் வரம்பு இவ்வளவு அகலம். செய்தியில் இதைச் சேர்க்க ஒரு வரி போதும். ஆனால் பெரும்பாலும் அந்த வரிதான் முதலில் வெட்டப்படுகிறது.

சதவீதத்தை மட்டும் சொன்னால் உண்மையில் யாருக்காவது கெடுதல் நடக்குமா?

நடந்திருக்கிறது. 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, சில புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தம் உறையும் ஆபத்தை இரண்டு மடங்காக்குகின்றன என்று எச்சரித்தது. செய்தி நாடு முழுக்கப் பரவியது. பயந்துபோன பெண்கள் பலர் மாத்திரையை அப்படியே நிறுத்திவிட்டார்கள். அந்த “இரண்டு மடங்கு” என்ன தெரியுமா? ஏழாயிரம் பெண்களில் ஒருவருக்கு இருந்தது, ஏழாயிரத்தில் இருவருக்கு ஆனது. அவ்வளவுதான். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கூடுதலாக ஏறக்குறைய 13,000 கருக்கலைப்புகள் நடந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். மாத்திரையால் வரும் ஆபத்தைவிட, கர்ப்பகாலத்தில் ரத்தம் உறையும் ஆபத்து அதிகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஏழாயிரம் என்ற எண்ணைச் சொல்லாமல் விட்டார்கள், அவ்வளவே.

“தொடர்பு இருக்கிறது” என்பதும் “இதுதான் காரணம்” என்பதும் ஒன்றா?

வேறு வேறு. மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கொடுக்கும் ஹார்மோன் சிகிச்சையின் கதை இதற்கு நல்ல பாடம். ஹார்மோன் எடுத்துக்கொண்ட பெண்களுக்கு இதயநோய் குறைவாக இருப்பதைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வுகள் கண்டன. அதனால் ஹார்மோன் இதயத்தைக் காக்கிறது என்று மருத்துவர்களே நம்பினார்கள். அப்புறம் அமெரிக்காவில் 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு ஹார்மோனும், மீதிப் பேருக்குப் பிளாசிபோவும் கொடுத்தார்கள். பிளாசிபோ என்றால் பார்ப்பதற்கு அதே மாதிரி இருக்கும், மருந்து இல்லாத மாத்திரை. 2002 ஜூலையில் ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. ஹார்மோன் எடுத்தவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு ஏழு பேர் வீதம் இதயநோய் அதிகமாகவே இருந்தது. பக்கவாதம், மார்பகப் புற்றுநோய் தலா எட்டு அதிகம். இடுப்பு எலும்பு முறிவு ஐந்து குறைவு என்பதையும் அதே அறிக்கை சொன்னது.

முதல் ஆய்வுகள் ஏன் தவறாகக் காட்டின? தானாக முன்வந்து ஹார்மோன் எடுத்துக்கொண்ட பெண்கள் பெரும்பாலும் வசதியானவர்கள், உடற்பயிற்சி செய்பவர்கள், மருத்துவரை அடிக்கடி பார்ப்பவர்கள். இது ஒரு முக்கியக் காரணம். குலுக்கல் முறை இந்த வேறுபாட்டைத்தான் அழித்துவிடுகிறது. எனவே வெறுமனே கவனித்துப் பார்த்த ஆய்வு என்றால் “தடுக்கிறது”, “உண்டாக்குகிறது” என்ற வினைச்சொற்களை எழுதாதீர்கள். “சாப்பிட்டவர்களிடம் குறைவாகக் காணப்பட்டது” என்று எழுதுங்கள்.

எலிகளிடம் பலன் தந்தது என்றால் மனிதர்களுக்கும் தருமா?

தெரியாது என்பதே நேர்மையான பதில். தலைப்பிலேயே “எலிகளில்” என்ற சொல் வர வேண்டும், எட்டாவது பத்தியில் அல்ல.

பப்பாளி இலைச் சாறு டெங்குவைக் குணப்படுத்துவதாக ஆய்வே இருக்கிறதாமே?

ஒவ்வொரு மழைக்காலத்திலும் வரும் கேள்வி. ஆய்வுகள் இருப்பது உண்மை. இந்தியாவிலும் மலேசியாவிலும் நடந்திருக்கின்றன. இலைச் சாறு எடுத்தவர்களுக்கு ரத்தத் தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட்டுகள், கொஞ்சம் சீக்கிரம் ஏறியதாக அவற்றில் சில சொல்கின்றன. ஆனால் டெங்குவில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் எதனால் வருகிறது? ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து, ரத்த அழுத்தம் விழுந்து, உறுப்புகளுக்கு ரத்தம் போகாமல் ஆவதால். பிளேட்லெட் ஏறிவிட்டால் அந்தக் கசிவு நின்றுவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. காய்ச்சல் விட்டு நோயாளி தேறிவரும்போது பிளேட்லெட் தானாகவே ஏறும்.

பிளேட்லெட்டையே நேராக உடம்பில் ஏற்றிப் பார்த்த ஆய்வும் உண்டு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 372 டெங்கு நோயாளிகளைச் சேர்த்து, ரத்தக்கசிவு இல்லாத நிலையில் முன்னெச்சரிக்கையாகப் பிளேட்லெட் ஏற்றுவதால் ரத்தக்கசிவு குறைகிறதா என்று பார்த்தார்கள். குறையவில்லை என்று 2017ல் லான்செட்டில் வெளியிட்டார்கள்.

ஆகவே “பிளேட்லெட் ஏறியது” என்ற ஆய்வை “டெங்கு குணமானது” என்று எழுதக் கூடாது. ரத்தப் பரிசோதனைத் தாளில் வரும் எண் வேறு, நோயாளி பிழைத்து வீடு திரும்புவது வேறு. இரண்டும் எதிரெதிராகப் போகவும் கூடும். மாரடைப்பு வந்தவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தால் ஆபத்து என்பதால், அதைச் சீராக்கும் மாத்திரைகளை அமெரிக்காவில் ஒரு காலத்தில் தாராளமாகக் கொடுத்தார்கள். இசிஜியில் துடிப்பு அழகாகச் சீரானது. பிறகு முறையாகச் சோதித்தபோது, மாத்திரை சாப்பிட்ட 755 பேரில் 63 பேரும், பிளாசிபோ சாப்பிட்ட 743 பேரில் 26 பேரும் இறந்திருந்தார்கள். 1991ல் வெளியான கணக்கு இது. எனக்குத் தெரிந்து, எதை அளந்தார்கள் என்று கேட்பதன் அவசியத்தை இதைவிட அழுத்தமாகச் சொல்லும் ஆய்வு வேறில்லை.

பொய் சொல்லாமலே ஓர் ஆய்வறிக்கை நம்மைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோக முடியுமா?

முடியும், பல வழிகளில். மிகவும் சாதாரணமான வழி, கிடைத்த தகவலைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பது. மொத்தத்தில் பலன் இல்லையா? பெண்களிடம் மட்டும் பார். அங்கும் இல்லையா? ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களிடம் பார். எங்காவது ஓரிடத்தில் தற்செயலாகவே ஒரு “பலன்” அகப்படும்.

இதைக் காட்டுவதற்காகவே ஓர் ஆய்வுக்குழு ராசியைக் கையில் எடுத்தது. மாரடைப்புக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் உயிர் பிழைப்பார்களா என்று 17,187 நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு அது, 1988ல் வெளியானது. ஆஸ்பிரின் பலன் மிகத் தெளிவாக இருந்தது. வயது, பாலினம் என்று பிரித்தும் காட்டுங்கள் என்று இதழின் ஆசிரியர்கள் கேட்டார்கள். ஆய்வாளர்கள் அதோடு நோயாளிகளின் ராசிவாரியாகவும் பிரித்துப் போட்டார்கள். மிதுன ராசிக்காரர்களுக்கும் துலா ராசிக்காரர்களுக்கும் ஆஸ்பிரின் பலன் தரவில்லை, சற்றுக் கெடுதல் என்று வந்தது! (பிறந்த தேதியை வைத்து மேல்நாட்டார் பார்க்கும் ராசி இது, நம் ஜாதகத்து ராசி அல்ல.) வெட்டினால் இப்படித்தான் வரும் என்று எச்சரிக்கத்தான் அதைச் சேர்த்தார்கள். ஆஸ்பிரின் இன்றும் எல்லா ராசிக்காரருக்கும் கொடுக்கப்படுகிறது.

இன்னொரு வழி, எதை அளக்கப்போகிறோம் என்று முதலில் ஒன்றைச் சொல்லிவிட்டு, முடிவு வந்தபின் வேறொன்றை முன்னால் வைப்பது. இதைப் பிடிக்க ஆய்வின் முன்பதிவைப் பார்க்க வேண்டும்.

முன்பதிவு என்றால்? அதை நாமே பார்க்க முடியுமா?

முடியும், இலவசமாக. இந்தியாவில் மருத்துவச் சோதனைகளுக்கான பதிவேடு ஒன்று 2007 முதல் இயங்குகிறது, சி.டி.ஆர்.ஐ. என்பார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் உள்ள நிறுவனம் ஒன்று நடத்துகிறது. 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்தால்தான் ஏற்பார்கள். எத்தனை பேரைச் சேர்க்கப்போகிறார்கள், முதன்மையாக எதை அளக்கப்போகிறார்கள், யார் பணம் கொடுக்கிறார்கள் எல்லாம் அதில் இருக்கும். பதிவெண்ணிலேயே ஆண்டும் மாதமும் தெரியும். செய்தி எழுதும் முன் பத்து நிமிடம் அதற்கு ஒதுக்கினால் போதும். கட்டுரையில் முதன்மை என்று போட்டிருப்பது பதிவேட்டிலும் முதன்மையாக இருக்கிறதா என்று ஒத்துப்பாருங்கள்.

பதிவேட்டால் இன்னொரு பயன், வெளியே வராமல் போன ஆய்வுகளின் தடம் தெரிவது. மனச்சோர்வு மருந்துகளுக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் பதிவான 74 ஆய்வுகளை ஒரு குழு தேடிப் பார்த்து 2008ல் எழுதியது. மருந்து பலன் தந்ததாக அத்துறை கருதிய 38 ஆய்வுகளில் 37 வெளிவந்தன. பலன் இல்லை அல்லது சந்தேகம் என்று கருதிய 36ல், 22 வெளிவரவே இல்லை. 11 பலன் இருந்தது போல எழுதப்பட்டு வெளிவந்தன. மூன்றே மூன்றுதான் உள்ளபடி வந்தன. மருத்துவர் இதழ்களை மட்டும் படித்திருந்தால், ஏறக்குறைய எல்லா ஆய்வும் வெற்றி என்றே நினைத்திருப்பார். நோயாளிகள் தங்கள் உடம்பைக் கொடுத்துப் பங்கேற்ற ஆய்வு, முடிவு பிடிக்கவில்லை என்பதற்காக மேசை இழுப்பறைக்குள் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பலன் இல்லை என்ற முடிவையும் ஒளிக்காமல் வெளியிட்டவர்கள் உண்டா?

உண்டு, நம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே. பி.சி.ஜி. தடுப்பூசி காசநோயைத் தடுக்கிறதா என்று 1968ல் அங்கே தொடங்கிய ஆய்வு உலகின் மிகப் பெரிய தடுப்பூசி ஆய்வுகளில் ஒன்று. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைச் சேர்த்து, யாருக்குத் தடுப்பூசி, யாருக்குப் பிளாசிபோ என்பது ஊசி போட்டவருக்கும் தெரியாதபடி நடத்தினார்கள். ஏழரை ஆண்டுக் கணக்கு வந்தபோது உலகமே அதிர்ந்தது: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை. 1979ல் அதை அப்படியே வெளியிட்டார்கள். பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தும் அதே முடிவு. அதையும் 1999ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியிட்டார்கள். அதற்காகப் பி.சி.ஜி.யைத் தூக்கி எறியவில்லை. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோய் வகைகளிலிருந்து அது காப்பதற்கு வேறு ஆய்வுகளில் சான்று இருப்பதால், இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடுகிறார்கள். எதற்குப் பயன், எதற்கு இல்லை என்று பிரித்துச் சொல்ல முடிந்தது, கசப்பான முடிவையும் எழுதிவைத்ததால்தான்.

அதற்கும் முன்பு, 1956ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தின் ஆய்வு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்றிருந்த காலம். 193 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, நல்ல ஓய்வு. வீட்டில் இருந்தவர்களோ நெரிசலான ஏழைக் குடும்பங்களில் இருந்தவர்கள். முடிவில் நோய் அடங்கியது வீட்டில் 86 சதவீதம் பேருக்கு, சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கு. 1959ல் வந்த அந்த அறிக்கை இந்த ஆறு புள்ளி வித்தியாசத்தை மறைக்கவில்லை. சாப்பாட்டிலும் ஓய்விலும் இருந்த வித்தியாசத்தையும் மறைக்கவில்லை. வீட்டில் கூட இருந்தவர்களுக்கு நோய் அதிகம் பரவியதா என்றும் தொடர்ந்து பார்த்துப் பரவவில்லை என்றார்கள். உலகம் முழுக்கக் காசநோயாளிகள் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட வழி திறந்தது இதுதான்.

ஆய்வுக் கட்டுரை எப்படி எழுதப்பட வேண்டும் என்று விதிமுறை இருக்கிறதா?

இருக்கிறது. குலுக்கல் முறை ஆய்வுகளுக்கு ‘கன்சார்ட்’ என்ற பட்டியல் 1996ல் வந்தது. 2001, 2010, 2025 ஆண்டுகளில் புதுப்பித்தார்கள். கவனித்துப் பார்க்கும் ஆய்வுகளுக்கு ‘ஸ்ட்ரோப்’, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் தொகுப்பாய்வுகளுக்கு ‘பிரிஸ்மா’. இவற்றையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து வைத்திருக்கும் ‘ஈக்வேட்டர்’ என்ற அமைப்பு 2008 முதல் இயங்குகிறது. இந்த முயற்சிகளுக்குப் பின்னால் நின்றவர்களில் முக்கியமானவர் டக் ஆல்ட்மன் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர். குறைவாக ஆராயுங்கள், நன்றாக ஆராயுங்கள் என்று 1994லேயே எழுதியவர்.

கன்சார்ட் கேட்பவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஓட்டப்படம். ஆய்வுக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேரைச் சேர்த்தார்கள், நடுவில் எத்தனை பேர் போய்விட்டார்கள், கடைசியில் எத்தனை பேரைக் கணக்கில் எடுத்தார்கள் என்று பெட்டி பெட்டியாகக் காட்டும். கட்டுரையைத் திறந்ததும் அங்கேதான் போவேன். நூறு பேருக்கு மருந்து கொடுத்து, நாற்பது பேர் வயிற்றுவலி தாங்காமல் நிறுத்திவிட, மீதி அறுபதில் 45 பேர் குணமானார்கள் என்று வையுங்கள். “75 சதவீதம் பேர் குணம்” என்று எழுதலாம், நூற்றுக்கு 45 என்றும் எழுதலாம். ஓட்டப்படம் இருந்தால் முதல் கணக்கு மாட்டிக்கொள்ளும்.

எழுதுவதில் வரும் குறை சின்ன விஷயமில்லை. மருத்துவ ஆராய்ச்சிக்குச் செலவாகும் முதலீட்டில் 85 சதவீதம் தவிர்க்கக்கூடிய காரணங்களால் வீணாகிறது என்று இயன் சால்மர்ஸ், பால் கிளாசியோ என்ற இரு ஆய்வாளர்கள் 2009ல் மதிப்பிட்டார்கள். கேள்வியைத் தவறாகத் தேர்ந்தது, முறையில் குறை, வெளியிடாதது, வெளியிட்டும் புரியாதபடி எழுதியது எல்லாம் அதில் சேரும். மாத்திரை அல்லாத 137 சிகிச்சைகளின் விவரம் ஆய்வுக் கட்டுரைகளில் எப்படி இருக்கிறது என்று 2013ல் பார்த்தபோது, 39 சதவீதம்தான் போதுமான அளவுக்கு விளக்கப்பட்டிருந்தன. “உடற்பயிற்சி கொடுத்தோம்” என்று எழுதியிருக்கும். என்ன பயிற்சி, எத்தனை நிமிடம், யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அது இல்லாமல் ஓர் அரசு மருத்துவமனைப் பிசியோதெரபிஸ்ட் அதை எப்படித் தன் நோயாளிக்குச் செய்வார்?

சித்த மருத்துவ ஆய்வுகளுக்கும் இதே அளவுகோலா?

ஆமாம், இதே அளவுகோல்தான். மூலிகை மருந்துகளுக்கென்றே கன்சார்ட்டில் தனி இணைப்பு 2006ல் வந்துவிட்டது. எந்தச் செடி, எந்தப் பாகம், எங்கே பறித்தது, எப்படிக் காய்ச்சியது, என்ன அளவு என்று அது கேட்கிறது. நம் வைத்தியர்களுக்கு இது அந்நியமே அல்ல. குடிநீர் செய்முறையில் எட்டில் ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சச் சொல்லும் மரபு அது. “குடிநீர் கொடுத்தோம், அனைவரும் குணமடைந்தனர்” என்று ஒப்பீட்டுக் குழு இல்லாமல் எழுதும் அறிக்கை அந்த மருத்துவத்துக்கே இழப்பு. தானாகக் குணமாகும் காய்ச்சலில் எது கொடுத்தாலும் பெரும்பாலோர் குணமாகத்தான் செய்வார்கள்.

பெரிய இதழில் வந்துவிட்டால் நம்பலாம்தானே?

கூடுதல் நம்பிக்கை வைக்கலாம், கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. கொரோனா காலத்தில், 2020 மே 22 அன்று, ஹைட்ராக்சிகுளோரோகுவின் கொடுத்தால் இறப்பு கூடுகிறது என்று லான்செட்டில் ஒரு கட்டுரை வந்தது. 671 மருத்துவமனைகள், 96,000 நோயாளிகள் என்றார்கள். உலக அளவில் நடந்துகொண்டிருந்த சோதனைகள்கூட இதனால் நிறுத்திவைக்கப்பட்டன. ஆஸ்திரேலியாவில் அப்போது பதிவாகியிருந்த மொத்த இறப்புகளைவிட அதிக இறப்புகள் அந்தத் தரவில் இருப்பதைக் கவனித்தவர்கள் கேள்வி கேட்டார்கள். மூலத் தரவைக் காட்ட, அந்தத் தரவைக் கொடுத்த நிறுவனம் மறுத்தது. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அந்த மருந்து கொரோனாவுக்குப் பலன் தரவில்லை என்பது பிறகு வேறு முறையான சோதனைகளில் தெரிந்தது. அது வேறு கதை. தரவே ஆதாரமற்றது என்றால், முடிவு தற்செயலாகச் சரியாக இருந்தாலும் அந்தக் கட்டுரைக்கு மதிப்பில்லை.

மிகைப்படுத்துவது பத்திரிகையாளர்கள்தானே?

அவர்கள் மட்டும் அல்ல. பிரிட்டனில் 20 பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை ஆராய்ந்து கார்டிஃப் பல்கலைக்கழகத்தினர் 2014ல் எழுதினார்கள். விலங்குகளில் செய்த ஆய்வுகள் பற்றிய குறிப்புகளில், முடிவை மனிதர்களுக்கும் பொருந்துவதாக நீட்டிச் சொன்னவை 36 சதவீதம். செய்திக்குறிப்பே அப்படி நீட்டியிருந்தால் அதையொட்டி வந்த செய்திகளில் 86 சதவீதமும் நீட்டின. குறிப்பு அளவாக இருந்தபோது பத்து சதவீதம்தான் நீட்டின. அதனால் நிருபர்களுக்கு என் வேண்டுகோள்: செய்திக்குறிப்பை வைத்து எழுதாதீர்கள், கட்டுரையையே கேட்டு வாங்குங்கள். ஆய்வாளருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள்.

பெரியப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஆய்வுச் செய்திகளுக்கு என்ன பதில் சொல்வது?

“பொய், நம்பாதீங்க” என்றால் மனம் வருந்துவார், அடுத்ததையும் அனுப்புவார். “எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தாங்களாம் பெரியப்பா?” என்று கேளுங்கள். அந்தத் தகவல் பெரும்பாலும் இருக்காது. அவரே தேட ஆரம்பித்துவிடுவார்.

நல்ல ஆய்வுச் செய்தி தமிழில் எப்படி இருக்கும்? ஒரு மாதிரி காட்ட முடியுமா?

மேலே சொன்ன ஜார்க்கண்ட் ஆய்வையே எடுத்துக்கொள்வோம். தொற்றக்கூடிய வகைக் காசநோய் 48 சதவீதம் குறைந்தது என்பதும் அதில் இருப்பதால், “சத்துணவு சாப்பிட்டால் காசநோய் பாதியாகும்” என்று தலைப்புப் போட ஆசை வரும். நான் இப்படி எழுதுவேன்:

“காசநோயாளியுடன் ஒரே வீட்டில் வசிப்பவர்களுக்கு அரிசி, பருப்பு, சத்து மாத்திரைகள் கொடுத்ததில், புதிதாகக் காசநோய் வருவது ஆயிரம் பேருக்கு 26லிருந்து 17 ஆகக் குறைந்ததாக ஜார்க்கண்டில் நடந்த ஆய்வு காட்டுகிறது. 28 காசநோய் அலகுகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, 10,345 பேரைச் சுமார் இரண்டு ஆண்டுகள் கவனித்தனர். நோய் குறைந்த அளவு 39 சதவீதம். அது 15 முதல் 57 சதவீதம் வரை இருக்கலாம். ஊட்டச்சத்துக் குறைவு அதிகமுள்ள மாவட்டங்களில் நடந்த ஆய்வு இது. நன்றாகச் சாப்பிடும் குடும்பங்களுக்கும் இதே பலன் கிடைக்குமா என்பதை இதை வைத்துச் சொல்ல முடியாது.”

ஆறு வாக்கியங்கள்தான். கடைசி வாக்கியத்தை மட்டும் எடிட்டர் வெட்ட வந்தால் விடாதீர்கள்.

செய்தியைப் படித்துவிட்டு நான் சாப்பிடும் மாத்திரையை நிறுத்தலாமா?

வேண்டாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு, தைராய்டு மாத்திரைகளை ஒரு செய்தியை நம்பி நிறுத்துவது ஆபத்து. செய்தியை எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் போங்கள். கூட்டம் அதிகமான நேரத்தில் நீளமாகப் பேச முடியாது என்பதால், கேள்வியைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: “என்னைப் போன்ற நூறு பேர் இந்த மாத்திரையைச் சாப்பிட்டால் எத்தனை பேருக்குப் பலன்? எத்தனை பேருக்குப் பக்கவிளைவு? சாப்பிடாவிட்டால் என்ன ஆகும்?” அவருக்குக் கணக்கு உடனே தெரியாமல் இருக்கலாம், பார்த்துச் சொல்லும்படி கேட்பதில் தவறே இல்லை. சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். செய்தியில் வந்த மருந்தும் உங்கள் மருந்தும் ஒன்றுதானா என்பது அப்போதுதான் தெரியும்.